கொலஸ்ட்ரால் இல்லாத வளாகம்

இயக்குநரின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த மறுநாள்தான், ஆராய்ச்சி நிலையம் மொத்தத்துக்கும் உடம்பு சரியில்லை என்பது தெரியவந்தது.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. மதியம் கேன்டீனில் தன் முன்னால் வைத்த ஆம்லெட்டை இயக்குநர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தட்டை விரலால் தள்ளிவிட்டு எழுந்து போனார். எல்லாரும் கண்டது அவ்வளவுதான். சாயங்காலமே அரங்கில் கூட்டம் போட்டுவிட்டார்கள். வராதவர்கள் ஏன் வரவில்லை என்று விளக்கம் சொல்லவேண்டும் என்றதும், விடுப்பில் இருந்தவர்கள்கூட ஓடி வந்து உட்கார்ந்தார்கள்.

இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே, இங்க எத்தனையோ பேர் என்னென்னமோ ஆராய்ச்சி பண்றீங்க. நல்லது, பண்ணுங்க. நான் ரொம்ப வருஷமா நிர்வாகத்துல இருக்கேன். ஒரே ஒரு விஷயத்தைக் கத்துக்கிட்டேன். ஒரு பிரச்சனையைத் தீர்க்கணும்னா அதைப் படிக்கணும்னு அவசியமே இல்லை. தடை பண்ணினா போதும். வர்ற ஒண்ணாம் தேதியிலேருந்து இது கொலஸ்ட்ரால் இல்லாத வளாகம்!"

அரங்கம் அதிரக் கைதட்டல். அத்தனை பேரும் படித்தவர்கள் ஐயா, சாதாரணப் படிப்பு இல்லை. மனிதன் முதல் எலி வரை எந்த உடம்பின் எந்த செல்லை எடுத்தாலும் அதன் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் என்பது கல்லூரி முதல் வருடப் பாடம். ஆனால் கூட்டத்தில் கைதட்டலை முதலில் நிறுத்துகிறவன் தலைதான் உருளும் என்பது அதற்கும் முன்னால் படித்த பாடம். அதனால் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கடைசி வரிசையில் சவ்வும் தட்டினார். உண்மையைச் சொன்னால், பேச்சு அவர் காதில் விழவே இல்லை. இடது பக்கம் ஒரு ஆள், வலது பக்கம் ஒரு ஆள், நடுவில் தான் என்று உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தச் சுகத்திலேயே மனிதர் லயித்துப்போய் இருந்தார்.

சவ்வு என்பது அவருடைய பெயர் இல்லை. அவர் வேலை செய்வது செல் சவ்வைப் பற்றி. அதோடு, தெரியாத்தனமாக யாராவது "என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டால் பதிலைச் சவ்வாக இழுப்பார். இரண்டும் சேர்ந்து பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அவருடைய அறை கீழ்த்தளத்தில், நீண்ட நடையின் கோடியில், பழைய மேசைகளை அடுக்கி வைத்த கிடங்குக்கு அடுத்தது. ஒரு காலத்தில் அந்த அறையில் ஆறு நாற்காலியும் ஆறு பேரும் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் வெளிநாடு போனார், மற்றவர்கள் சன்னல் உள்ள அறைகளுக்கு மாறிப்போனார்கள். நாற்காலிகளை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவர் தினமும் காலையில் வந்து ஆறையும் துடைப்பார்.

என்ன வேலை என்று நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டு, அவரைப்போல் இழுக்காமல் நான் சொல்லிவிடுகிறேன். சில செடிகொடிகளில் தண்ணீர் பட்டால் நுரைக்கிற சரக்கு ஒன்று உண்டு. பூந்திக்கொட்டைத் தோலைக் கசக்கினால் நுரை வருகிறதே, அதுதான். சபோனின் என்பார்கள். அது செல்லின் சவ்வில் ஓட்டை போடும். எப்படிப் போடுகிறது என்று உயிருள்ள செல்லில் பார்ப்பது கஷ்டம், அதில் ஆயிரம் சமாச்சாரம் கலந்திருக்கும். அதனால் கொழுப்புப் பொருளை எடுத்துக் குடுவையின் சுவரில் மெல்லிய படலமாக உலர்த்தி, தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால், அது தானாகவே கண்ணுக்குத் தெரியாத குமிழ் குமிழாகச் சுருண்டுகொள்ளும். செல்லின் சவ்வுக்கு அது ஒரு மாதிரி உருவம். அந்தக் குமிழில் கொலஸ்ட்ராலைச் சேர்த்திருந்தால் சபோனின் வந்து பிடித்துக்கொண்டு உடைக்கும். சேர்க்காவிட்டால் சும்மா போய்விடும். இரண்டையும் அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவேண்டும். இவ்வளவுதான் அவர் வேலை.

இதையெல்லாம் அவர் தினமும் ராச்சாப்பாட்டு வேளையில் மனைவியிடம் சொல்வார். அந்த அம்மாள் அடுப்பைப் பார்த்தபடி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ம்... ம்..." என்று கேட்பார். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் அந்த ம்-ஐ நம்பி அவர் எத்தனையோ கணக்குகளைப் போட்டு முடித்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு வீட்டில் ம் கொட்ட ஆள் இல்லை. தூர ஊரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பாள். இரண்டுக்கும் ஆமாம் என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும்.

ஆகவே அந்த அறைதான் அவருக்கு எல்லாம். அதுவும் இந்த வருடம் ஆட்டம் கண்டிருந்தது. ஆண்டு முடிவுக்குள் எந்தப் பிரிவு முடிவு காட்டவில்லையோ அதை மூடி அறையை எடுத்துக்கொள்வோம் என்று அறிவித்திருந்தார்கள். அறை போனால் காலையில் எழுந்து எங்கே போவது? நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து குளிர்சாதனப் பெட்டியின் உறுமலையா கேட்டுக்கொண்டிருப்பது? நல்லவேளையாக வேலை முடியும் தறுவாயில் இருந்தது. ஒரு வாரம் கிடைத்தால் போதும்.

ஒன்றாம் தேதி வந்தது. கூடவே நலவாழ்வு அதிகாரியும் வந்தார்.

நேற்றுவரை அவர் அரங்கத்தில் நாற்காலி போடும் பொறுப்பில் இருந்தவர். இயக்குநர் உட்காரும் நாற்காலி ஒருநாளும் ஆடியதில்லை என்ற ஒரே தகுதியில் மேலே வந்தவர். கையில் வெள்ளைக் கையுறை, கூட இரண்டு காவலர்கள். முதலில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, கொலஸ்ட்ராலை அண்டவிடுவதில்லை என்று உறுதிமொழி எடுக்கவைத்தார். கேன்டீனில் புகுந்து முட்டையைத் தேடினார்கள், வெண்ணெயைத் தேடினார்கள். அங்கே முடித்துவிட்டு ஒவ்வொரு அறையாகத் திறந்துகொண்டே வந்து கோடி அறைக்கும் வந்துவிட்டார்கள். அதிகாரி அங்கிருந்த குளிர்பெட்டியைத் திறந்து, பழுப்புநிறச் சீசா ஒன்றை எடுத்தார்.

"இது என்ன?"

"கொலஸ்ட்ரால்," என்றார் சவ்வு.

அதிகாரி பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "என்ன சார் இது, கேட்டதும் பட்டுன்னு சொல்றீங்க! ஒரு பயம் வேண்டாம்?"

"லேபிள்லயே போட்டிருக்கே சார்."

அதிகாரி லேபிளைப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. "தொண்ணூத்தொம்பது சதவீதமா! ஒரு முட்டையில துளியூண்டு இருக்குன்னு நாங்க சமையக்கட்டையே புரட்டிப் போட்டுட்டு வர்றோம். நீங்க தொண்ணூத்தொம்பது சதவீதத்தைக் கூலா பெட்டியில வச்சிருக்கீங்க!"

"இதை யாரும் சாப்பிடறதில்லை சார். குமிழ்ல சேர்க்கறது."

"குமிழுக்கு மட்டும் மாரடைப்பு வராதா?"

முட்டையை எடுத்தார்கள், அதற்காவது ஏதோ காரணம் சொல்லலாம். எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காய்கிறது? சவ்வு பொறுமையாக விளக்கப் பார்த்தார். கொலஸ்ட்ரால் என்பது விஷம் இல்லை, அது இல்லாவிட்டால் செல்லே நிற்காது என்றார். வாய் சும்மா இருக்கவில்லை, "உங்க மூளையிலகூட நிறைய இருக்கு சார்" என்றும் சொல்லிவிட்டார்.

அதிகாரி எழுந்து நின்றார். "சார், வார்த்தையை அளந்து பேசுங்க. என் மூளையில ஒண்ணும் கிடையாது!"

காவலர்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

சீசாவைக் கொண்டுபோய் முகப்பு மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'வளாகத்தில் பிடிபட்டது' என்று பலகை மாட்டி, மேலே ஒரு விளக்கும் போட்டார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சவ்வு தினமும் காலையில் அதன் முன்னால் நின்றார். குளிரில், இருட்டில் இருக்கவேண்டிய சரக்கு அது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "அந்த லைட்டையாவது அணைச்சு வைங்களேன்" என்று காவலரிடம் கெஞ்சினார். "லைட்டுக்குத் தனியா அனுமதி வாங்கியிருக்கு சார், அணைக்கறதுக்கு வாங்கலை" என்றார் காவலர்.

கடைசியில் சவ்வு இயக்குநரையே போய்ப் பார்த்தார்.

இயக்குநர் அவரை உட்காரச் சொன்னார், அன்பாகத்தான் பேசினார். "உங்க கஷ்டம் புரியுது. அது இருந்தா என்ன ஆகும்?"

"குமிழ் உடையும் சார்."

"இல்லாட்டி?"

"ஒண்ணும் நடக்காது."

"அப்ப இல்லாமலே செய்யுங்களேன். எதுக்குப் போட்டு உடைக்கணும்?"

"இல்லாம மட்டும் செஞ்சா ஒண்ணும் நடக்கலைன்னுதான் சார் எழுத முடியும்."

இயக்குநர் மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணும் நடக்காம பார்த்துக்கறதுதான் சார் நிர்வாகம். இத்தனை வருஷமா நான் இந்த நாற்காலியில எப்படி இருக்கேன்னு நினைக்கிறீங்க?"

வேறு வழி? சவ்வு பாதி வேலையைச் செய்தார். கொலஸ்ட்ரால் இல்லாத குமிழ்களைச் செய்து, சாயத்தை உள்ளே அடைத்து, சபோனினை ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். சாயம் கசியவே இல்லை. கருவி வரைந்த கோடு, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தரையில் பிடித்த நூல்போலத் தட்டையாகப் போயிற்று. அறிக்கையில், 'எதுவும் நடக்கவில்லை. கொலஸ்ட்ரால் இல்லாததே காரணம். இருந்தால் என்ன நடக்கும் என்பதை இனிமேல்தான் பார்க்கவேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார்.

இயக்குநரும் நலவாழ்வு அதிகாரியும் இருந்த ஆய்வுக் குழு முதல் இரண்டு வரியைப் படித்தது. மூன்றாவது வரிக்குள் சந்தோஷம் தாங்காமல் எழுந்துவிட்டார்கள்.

அடுத்த வாரமே பாராட்டு விழா. மேடையில் சவ்வுக்கு ஒரு நாற்காலி, ஆடாத நாற்காலி. நலவாழ்வு அதிகாரி மைக்கைப் பிடித்தார். "தடை போட்டப்ப சில பேர் சிரிச்சாங்க. இன்னைக்கு என்னாச்சு? ஊர் உலகத்துல எல்லா இடத்துலயும் ஓட்டை போடற இந்தச் செடி விஷம், நம்ம வளாகத்துக்குள்ள வந்ததும் வாலைச் சுருட்டிக்கிட்டு உட்கார்ந்துடுச்சு! காரணம் என்ன? நம்ம இயக்குநர்! இதை நான் சொல்லலை, அறிவியல் சொல்லுது. அந்த அறிவியல் இதோ மேடையில உட்கார்ந்திருக்கு." எல்லாரும் சவ்வைப் பார்த்துத் தட்டினார்கள்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டால்கூட ஒரு பக்கத்தில் பிடித்து இழுத்து அவிழ்க்கலாம். இதை எங்கே பிடித்து அவிழ்ப்பது என்று தெரியாமல் சவ்வு கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இது பாதிதாங்க" என்று அவர் சொல்ல எழுந்தபோது மைக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் இயக்குநர் ஒன்றை அறிவித்திருந்தார். ஆராய்ச்சி முழு வெற்றியோடு முடிந்துவிட்டதால் அந்தப் பிரிவுக்கு இனி அறை தேவையில்லை. மாதக் கடைசியில் அதை நலவாழ்வுக் குழு எடுத்துக்கொண்டு, ஊழியர்கள் 'மனம்விட்டுப் பேசும் கூடம்' ஆக மாற்றும்.

மறுநாள் மதியம் சவ்வு தன் ஆறு நாற்காலியையும் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவு மெல்லத் திறந்தது. கேன்டீன் மாஸ்டர் தலையை நீட்டினார். மார்போடு அணைத்து, துணி போட்டு மூடி, எதையோ தூக்கி வந்திருந்தார். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ஆம்லெட். தடைக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் எல்லாருக்கும் பயம், வெறும் "மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சார், உள்ள வரலாமா? உங்க ரூமை ஒரு தடவை சோதிச்சாச்சுல்ல? மறுபடி வர மாட்டாங்கல்ல?"

"வர மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். என்ன மாஸ்டர் அது?"

மாஸ்டர் துணியை விலக்கினார். முட்டை, மூன்று தட்டு. "அன்னைக்குச் சோதனையில இதை மாவு மூட்டைக்குப் பின்னால தள்ளிட்டேன். இப்ப மாட்டிக்கிட்டு முழிக்கிறேன் சார். குப்பையில கொட்டலாம்னா குப்பைத்தொட்டியைக் கிளறிப் பார்க்கறாங்க. வெளிய எடுத்துட்டுப் போகலாம்னா கேட்ல பையைத் திறக்கறாங்க. நானே தின்னு தீர்த்துடலாம்னு பார்த்தேன். ரெண்டு நாளைக்கு மேல உள்ள இறங்கலை. உங்க பெட்டியில ஒரு ஓரமா வச்சுக்கங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சவ்வு முட்டைகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தேடிப்போன மூலிகை காலில் சிக்கியதுபோல் அவர் முகம் மாறியது.

"மாஸ்டர், மஞ்சக்கரு வேணும். எல்லாமே வேணும்."

"என்ன சார், ஆம்லெட்டா?" என்றார் மாஸ்டர் ஆசையாக.

"கொலஸ்ட்ரால்."

அடுத்த சில மதியங்கள், கேன்டீனில் சாப்பாட்டுக் கடை ஓய்ந்த பிறகு, மாஸ்டர் கோடி அறைக்கு வந்தார். முட்டையை உடைத்து வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்துக் கொடுத்தார். அந்தக் கை லாகவம் சவ்வுக்கு வராது. அவர் மஞ்சக்கருவைச் சோப்பு காய்ச்சும் காரத்தோடும் சாராயத்தோடும் காய்ச்சினார், கரைப்பானில் குலுக்கினார், வடித்தார், மறுபடி சூடான சாராயத்தில் கரைத்து ஆறவைத்தார். மாஸ்டர் ஆறு நாற்காலியில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வேகவைத்த காய்கறியை மட்டும் போட்டுப் போட்டுத் தன் கை மரத்துவிட்டதைப் பற்றியும், மனைவி மகனோடு போய் இருந்துகொண்டு இவரை ஒற்றை அறையில் விட்டுவிட்டதைப் பற்றியும் புலம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் குடுவையின் அடியில் வெள்ளை வெளேரென்று சின்னச் சின்னச் செதில்கள் இறங்கியிருந்தன.

"இத்துனூண்டா?" என்று வாயைப் பிளந்தார் மாஸ்டர். "மூணு தட்டு முட்டை சார்!"

"இது போதும். எக்கச்சக்கம்."

சவ்வு அதைச் சேர்த்துப் புதுக் குமிழ்களைச் செய்தார். ஒரு பங்கைக் கருவியில் வைத்து அளந்தார். இந்த முறை கோடு தட்டையாகப் போகவில்லை, சபோனின் விழுந்த இடத்தில் விருட்டென்று மேலே ஏறிற்று. இன்னொரு பங்கை நுண்ணோக்கியின் கீழே வைத்து, "வாங்க, வந்து பாருங்க" என்றார். அறையில் தனியாளான இத்தனை வருடத்தில் அந்த நுண்ணோக்கியில் கண் வைக்க அவர் யாரையும் கூப்பிட்டதில்லை. கூப்பிட ஆள் இருந்ததில்லை.

மாஸ்டர் குனிந்தார். இருட்டில் வளையம் வளையமாக நாலைந்து குமிழ்கள் மினுங்கிக்கொண்டிருந்தன. சவ்வு ஓரத்தில் ஒரு சொட்டு சபோனினை விட்டார். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு ஒரு வளையம் நடுங்கிற்று. நெளிந்தது. பொசுக்கென்று காணாமல் போயிற்று.

"ஐயையோ, போச்சே!" என்று மாஸ்டர் துள்ளி எழுந்தார். "சார், அது என்ன பாவம் பண்ணிச்சு? சும்மாதானே இருந்துச்சு?"

"உட்காருங்க, சொல்றேன். இந்தச் சபோனின் இருக்கே, அது தண்ணியில தனியா அலைஞ்சுக்கிட்டு இருக்கும். போய் ஒட்டிக்க ஒரு இடம் தேடும். கொலஸ்ட்ரால் இல்லாத சவ்வுல அதுக்குப் பிடிச்சுக்க எதுவும் கிடையாது. மோதும், திரும்பிடும்."

"ம்," என்றார் மாஸ்டர்.

சவ்வு நின்றுவிட்டார்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? சொல்லுங்க."

சவ்வு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கரைப்பான் நெடி, வேற ஒண்ணுமில்லை" என்றார். அவர் மறுபடி ஆரம்பிப்பதற்குள் சாயங்கால டீக்கு மணி அடித்துவிட்டது. "ஐயோ, டீ! மீதியை அப்புறம் சொல்லுங்க சார், மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் ஓடினார்.

மறுநாள் காலையில் சவ்வு இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் போட்டு எடுத்துக்கொண்டு குழுவின் முன்னால் போய் நின்றார். நெஞ்சில் நம்பிக்கை இருந்தது. வேலை முடியவில்லை என்று இவர்களுக்கே தெரிந்துவிட்டால் அறையை எப்படி எடுப்பார்கள்?

இயக்குநர் தாளைப் பார்த்தார். தட்டையான கோட்டின்மேல் அன்பாக விரலை ஓட்டினார். ஏறிய கோட்டுக்கு வந்ததும் விரல் நின்றது. "இது என்ன?"

"கொலஸ்ட்ரால் இருக்கற குமிழ் சார். உடைஞ்சுடுச்சு."

நலவாழ்வு அதிகாரி மெதுவாகக் கேட்டார். "எங்கேருந்து வந்தது?"

ஐயோ பாவம், இந்தக் கேள்வி வரும் என்று அந்த மனிதர் யோசிக்கவே இல்லை. இரண்டு கோடும் சரியாக இருக்கிறதா என்று மட்டுமே யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

இயக்குநர் மறுபடி அன்பாகப் பேசினார். "பாருங்க, உங்கமேல எங்களுக்குக் கோபமே இல்லை. நீங்க நிலையத்துக்குப் பெருமை சேர்த்தவர். யாரோ ஒரு ஆள் உள்ள கொண்டுவந்து கொடுத்திருக்கான். அவன் பேரை மட்டும் சொல்லுங்க. அந்த ரூம் உங்களுக்கே. நீங்க இருக்கறவரைக்கும் யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாங்க."

யாரும் எட்டிப் பார்க்காத அறை. சவ்வு அதைக் கண்முன்னால் நிறுத்திப் பார்த்தார். துடைத்த ஆறு நாற்காலியும், சன்னல் இல்லாத சுவரும், யாருமே கண் வைக்காத நுண்ணோக்கியும் தெரிந்தன. நேற்றுக் கேட்ட அந்த ஒரு ம்-ஐ அதற்கு விலையாகக் கொடுக்கவேண்டும்.

"யாரும் கொடுக்கலை சார். என்கிட்டயேதான் இருந்தது," என்றார்.

"உங்ககிட்டன்னா? உடம்புலயா?" என்று கேட்டார் அதிகாரி. கேட்டதும் அவருக்கே பொறி தட்டிவிட்டது. "ரத்தத்தைச் சோதிக்கணும் சார்!"

சோதித்தார்கள். வளாக மருத்துவர் தாளோடு வந்தார். "இருநூத்திப் பத்து. இவர் வயசுக்கு இது ஒண்ணும் பெரிசில்லை."

"பெரிசா சின்னதான்னு கேக்கலை," என்றார் அதிகாரி. "இருக்கா, இல்லையா?"

"இருக்கு. எல்லாருக்கும் இருக்கும்."

"எல்லாரையும் விடுங்க. நாங்க உறுதிமொழி எடுத்தவங்க. உறுதிமொழி எடுத்தவங்க ரத்தத்துல அது எப்படி இருக்கும்?"

மருத்துவருக்கும் சம்பளம் அங்கேதான் என்பதால் அவர் மேற்கொண்டு பேசவில்லை. விவாதம் தொடங்கியது. பிடிபட்ட பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதே விதி. ஆனால் சீசாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் போதாது என்று அதிகாரி அளந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஆகவே சவ்வை வளாகத்துக்கு வெளியே வைப்பது என்றும், அளவு பூஜ்யத்துக்கு வந்த அன்று தாராளமாக உள்ளே வரலாம் என்றும் தீர்மானித்தார்கள்.

மருத்துவர் பொறுக்கமாட்டாமல், "பூஜ்யத்துக்கு வந்தா ஆள் உயிரோடவே இருக்க மாட்டார் சார்" என்றார்.

"அது அவரோட சொந்த விஷயம்," என்றார் இயக்குநர். "அதுலயெல்லாம் நாம தலையிடக் கூடாது."

அன்று சாயங்காலம் முகப்பு மண்டபத்தைத் தாண்டிப் போகும்போது சவ்வு கடைசியாகச் சீசாவைப் பார்த்தார். விளக்குச் சூட்டில் உள்ளே இருந்த வெள்ளைத் தூள் மஞ்சள் பூத்துப்போயிருந்தது. இனி அது எதற்கும் ஆகாது. காவலர் அவர் கேடயத்தைப் பையிலிருந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் கொலஸ்ட்ரால் இல்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்பக் கொடுத்தார்.

வீட்டில் முதல் நாள் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று. காலையில் வழக்கம்போல் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் உட்காருவார். குளிர்சாதனப் பெட்டி உறுமும், நிற்கும், மறுபடி உறுமும். ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். "சாப்டீங்களாப்பா?" ஆமாம். "மாத்திரை போட்டீங்களா?" ஆமாம். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். அவள் கேட்கவில்லை, அவளுக்கும் ஆயிரம் வேலை. போனை வைத்த பிறகு, கேட்க ஆள் இல்லாத வீட்டில் சத்தமாக, "கொலஸ்ட்ரால் இருக்கற சவ்வுல என்ன ஆகும்னா..." என்று ஆரம்பித்துப் பார்த்தார். தன் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை. நிறுத்திவிட்டார். அந்த வீட்டில் தான் இப்படியே கரைந்துபோய்விடுவோம் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

அடுத்து ஒருநாள் சாயங்காலம் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் மாஸ்டர் நின்றிருந்தார், கையில் துணிப்பை.

"விலாசம் கண்டுபிடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு சார். உங்களை எல்லாரும் சவ்வு சவ்வுன்னே சொல்றாங்க, ஒருத்தனுக்கும் நிஜப் பேர் தெரியலை." உள்ளே வந்து சுற்றும் முற்றும் பார்த்தார். "உங்க ரூம்ல இப்ப மனம்விட்டுப் பேசும் கூடமாம். ஆறு நாற்காலியையும் வட்டமாப் போட்டிருக்காங்க. ஒருத்தர் வரலை. வராதவங்க ஏன் வரலைன்னு விளக்கம் சொல்லணுமாம்." பையை மேசைமேல் வைத்தார். "அடுப்பு எங்க இருக்கு?"

"எதுக்கு மாஸ்டர்?"

மாஸ்டர் பையிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இங்க யாரும் தடை போடலையே?"

சவ்வு சமையலறையைக் காட்டினார். மூன்று வருடமாகத் தண்ணீரும் பாலும் மட்டுமே கண்ட அடுப்பு. மாஸ்டர் வாணலியைத் தேடி எடுத்துக் கழுவினார், முட்டையை உடைத்து ஊற்றி அடிக்க ஆரம்பித்தார். சவ்வுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. பிறகு பழைய வழக்கப்படி, சமையலறை ஓரத்து முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"சார், யார் கொடுத்தான்னு உங்களைக் கேட்டாங்களாமே," என்றார் மாஸ்டர். குரல் கொஞ்சம் கரகரத்தது. "டாக்டர் சொன்னார். நீங்க சொல்லலையாமே."

"உப்பு அந்த மேல்தட்டுல இருக்கு," என்றார் சவ்வு.

மாஸ்டர் அடுப்பைப் பற்றவைத்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "சரி, அன்னைக்குப் பாதியில விட்டீங்களே, அதைச் சொல்லுங்க. கொலஸ்ட்ரால் இருந்தா என்ன ஆகும்?"

"அதுவா?" என்று ஆரம்பித்தார் சவ்வு. "அந்தச் சபோனின் தனியா அலைஞ்சுக்கிட்டே வருதா... வந்து, கொலஸ்ட்ரால் இருக்கற சவ்வைத் தொடுதா... தொட்டதும் அதுக்குப் பிடிச்சுக்க ஒண்ணு கிடைச்சுடுது..."

சொல்லிவிட்டு நிறுத்தினார். பழைய வழக்கம். வாணலியில் முட்டை பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ம்," என்றார் மாஸ்டர், திரும்பிப் பார்க்காமலே.